இரண்டு சென்டிமீட்டர்

என் வேலை அளவு நாடாவைப் பிடிப்பது.
லென்ஸின் ஓரத்தில் ஒரு முனை,
சியூரி கோபலாவாவின் வலக்கண் அருகே மறுமுனை.
எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.
"சவப்பெட்டிக்கா அளவெடுக்கிறாய், கேலா?" என்றாள்
முதல்நாள் காலை.
யாரும் சிரிக்கவில்லை. அவள் காத்திருந்தாள்:
கடைசி வரிசையிலிருந்து சிரிப்பு வந்து சேர
எவ்வளவு நேரமாகும் என்று
இருபத்தாறு வருடம் மேடையில் எண்ணிய பழக்கம்.

குதாய்சியில் பிப்ரவரி.
நான்காம் மாடியில் வாடகைக்கு எடுத்த சமையலறை.
ஜன்னலுக்கு வெளியே கிரேனில் தொங்கிய விளக்கு
பொய் வெயிலைப் பொழிய,
கீழே ரியோனி நிஜமாகவே கலங்கி ஓடியது.
சத்தம் போடுகிறதென்று ஃபிரிட்ஜை அணைத்திருந்தோம்.
திரும்பப் போட மறந்துவிடாமலிருக்க
ஒலிப்பதிவுக்காரன் தன் கார் சாவியை
அதற்குள் வைத்திருந்தான், முட்டைகளுக்குப் பக்கத்தில்.

காட்சி நாற்பத்தொன்று.
போன் வருகிறது. மகன் திரும்பப் போவதில்லை.
அவளுக்கு ஒரே வசனம்:
"சரி."

முதல் டேக்கில் அந்தச் "சரி"
எங்களைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, சுவரையும் தாண்டி
அங்கே இல்லாத ஒரு பால்கனியில் போய் உட்கார்ந்தது.
ஒலிப்பதிவுக்காரன் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.
"குறையுங்கள்" என்றார் ஸால்.
குறைத்தாள்.
"இன்னும்."
"இன்னும் குறைத்தால் நான் வீட்டுக்குத்தான் போக வேண்டும்."
"போங்கள். அங்கே இருந்துகொண்டு சொல்லுங்கள்."

போனின் மறுமுனையில் ஆளில்லை.
பார்க்க வேண்டிய இடத்தில் மஞ்சள் டேப் ஒரு துண்டு,
நிற்க வேண்டிய இடத்தில் இன்னொரு துண்டு.
மகனின் அடக்கத்தை நேற்றே எடுத்து முடித்துவிட்டோம்.
அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம்.
"மேடையில் ஏழு மணிக்கு ஆரம்பித்தால்
பத்துக்குள் ஒழுங்காகச் செத்துவிடுவேன்"
ஒப்பனைக்காரியிடம் முணுமுணுத்தாள்.
"இங்கே என் துக்கத்துக்கு டைம்டேபிள் போட்டவன்
பெரிய குடிகாரனாக இருக்க வேண்டும்."

ஒன்பதாவது டேக்.
அவள் எதுவுமே செய்யவில்லை.
காதில் போன். மேஜைமேல் ரொட்டித் துணுக்கு.
அதை விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள்.
பிறகு,
ஒத்திகையில் இல்லாதபடி,
கேட்காத குரலைக் கேட்க
முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள்.
இரண்டு சென்டிமீட்டர்.
பாத்திரத்தை மூடுவதுபோல் "சரி" என்றாள்.

ஃபோகஸ் வளையத்தில் என் விரல் அசையவில்லை.
எண்களைப் பார்க்க வேண்டியவன்
அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் போட்டுப் பார்த்தோம்.
காது துல்லியம், தோட்டின் கீறல் வரை.
கண்கள் வெறும் பனி.
"அழகு. ஆனால் உதவாது" என்றார் ஸால். "மறுபடி."
படத்தில் இருப்பது பதினான்காவது.
அதைப் பார்த்து ஊரே அழுதது, நன்றாகத்தான் இருக்கிறது.
ஒன்பதாவதை அழித்துவிட்டார்கள்.

அன்றிரவு படிக்கட்டில் மன்னிப்புக் கேட்டேன்.
ஒரு பக்கக் கன்னத்தில் இன்னும் ஒப்பனை.
"எங்களுக்குத் தினமும் இப்படித்தான்.
நல்லது வரும், போகும்.
முந்நூறு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.
நீ பார்த்தாய் இல்லையா?
இன்றைக்குக் கூட்டம் கம்மி, அவ்வளவுதான்."

மார்ச்சில் அவள் நாடகத்துக்குப் போனேன்.
மலிவான டிக்கெட், கடைசி வரிசை.
முகம் தீக்குச்சித் தலையளவு. கண் தெரியவில்லை.
ஆனால் முதுகைத் திருப்பி அவள் ஒரு நாற்காலியை நகர்த்தியபோது
என் தொண்டை அடைத்தது.
மூன்றாம் அங்கத்தில் யாரோ இருமினார்கள், நீளமாக.
வாயில் வந்த சொல்லை அவள் அங்கேயே நிறுத்தி,
இருமல் முடிந்ததும் கொடுத்தாள்.
என் லென்ஸின் முன்னால் அவளுக்கு
இப்படி யாரும் இருமியதில்லை.

அவள் முன்னால் வந்தாள், பின்னால் போனாள்,
டேப் ஒட்டாத தரையில்.
இருட்டில் என் இடக்கை முழங்கால்மேல்
இல்லாத ஒரு வளையத்தை
மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது.
பக்கத்து இருக்கைப் பெண் அதைப் பார்த்துவிட்டு
தன் கைப்பையை எடுத்து
அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.